ரோண்டாவுக்குள் தெற்கு வாசல் வழியாக நுழையுங்கள்

மே மாதம் தெற்கு ஸ்பெயினில் இருக்கும் மலாகாவில் நான்கு இரவு தங்குவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்து மலையூரான ரோண்டாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா, அந்தப் பகுதியை ஒருகாலத்தில் ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் காலத்து அடையாளம் உண்மையிலேயே ஏதாவது மிச்சம் இருக்கிறதா, மூட்டுவலியோடு வரும் 68 வயது அம்மாவால் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு இரவில் ஒன்றை ரோண்டாவுக்குக் கொடுங்கள். அடையாளங்கள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன, ஆனால் எல்லாரும் போய் நிற்கிற பெரிய பாலத்தின் மேல் அவை இல்லை. அம்மாவால் முக்கால்வாசி ஊரைப் பார்க்க முடியும். ஓரிடத்தை மட்டும் அவர் தவிர்த்துவிட வேண்டும்.

முதல் தடவை நானும் ஒரு சுற்றுலா வண்டியில்தான் போனேன். பாலத்தருகே இறக்கிவிட்டார்கள், மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். பாலம், காளைச் சண்டை மைதானம், ஒரு ஐஸ்கிரீம், அப்புறம் வண்டி. மூர்களின் ஊரைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினேன். நான் பார்த்த பாலம் 1793இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதும், மைதானம் 1785இல் திறக்கப்பட்டது என்பதும் பிறகுதான் தெரிந்தது. மூர்களின் ஆட்சி அங்கே 1485இலேயே முடிந்துவிட்டது. அதாவது அவர்கள் காலத்துக் கல் ஒன்றைக்கூடத் தொடாமல் வந்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

'மூர்' என்ற சொல்லைப் பற்றி முதலில் கொஞ்சம். அந்த மக்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. 711இல் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஸ்பெயினுக்குள் வந்தவர்களில் அரபிகளைவிட, வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர்களே அதிகம். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூர்க்காரர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கிறித்தவ ஐரோப்பியர்கள் வைத்த பெயர் அது. இலங்கைச் சோனகரை ஆங்கிலத்தில் 'மூர்' என்று எழுதுகிறார்களே, அதுவும் இதே பெயர்தான். ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருக்கும் ஐபீரியாவில் பழகிய சொல்லைப் போர்த்துக்கீசியர்கள் கப்பலில் கொழும்பு வரை கொண்டுபோய்விட்டார்கள். ரோண்டா பகுதியில் குடியேறியவர்களில் பெர்பர்கள் அதிகம். 11ஆம் நூற்றாண்டில், ஸ்பெயின் முஸ்லிம்களின் தலைமையாக இருந்த கோர்டோபா கலீஃபா ஆட்சி உடைந்து சிதறியபோது, பனூ இஃப்ரான் என்ற பெர்பர் குலம் ரோண்டாவைத் தனி அரசாகவே ஆண்டது.

இனி ஊரின் அமைப்பு. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே ஒரு பாறை மேடை. அதை இரண்டாகப் பிளந்துகொண்டு நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஓடுகிறது குவாதலெவின் ஆறு. 'வாதி அல்-லபன்' என்ற அரபுப் பெயரின் திரிபு அது என்கிறார்கள். பொருள் பாலாறு. நமக்கும் ஒரு பாலாறு இருப்பதால் எனக்கு அந்தப் பெயரோடு உடனே ஒட்டுதல் வந்துவிட்டது. பிளவுக்கு வடக்கே இருப்பது பின்னாளில் வளர்ந்த சந்தைப்பகுதி. ரயில் நிலையம், பேருந்து நிலையம், ஓட்டல்கள் எல்லாம் அங்கேதான். தெற்கே இருப்பது பழைய ஊர், மூர்கள் 'மதீனா' என்று அழைத்த பகுதி. வண்டியில் வருகிறவர்கள் வடக்கிலிருந்து பாலம் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். அப்படிப் போனால் ஊர் தலைகீழாகத்தான் புரியும்.

மதீனாவுக்கு மேற்கிலும் வடக்கிலும் செங்குத்துப் பாறை. எதிரி ஏற முடியாது. நிலம் சரிந்து ஊருக்குள் மெதுவாக ஏறுவது தெற்குப் பக்கத்தில் மட்டும்தான். ஆகவே பிரதான வாசலை அங்கே வைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் கட்டிய அல்மோகாபர் வாசல் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் 'அல்-மகாபிர்' என்பதிலிருந்து வந்தது. கல்லறைகள் என்று பொருள். தமிழ் முஸ்லிம்கள் 'கபர்' என்று சொல்வதும் இதே வேரிலிருந்துதான். முஸ்லிம் ஊர்களின் வழக்கப்படி அடக்கஸ்தலம் மதிலுக்கு வெளியே, வாசலை ஒட்டி இருந்தது. ஊருக்குள் வருகிற ஒவ்வொருவரும் முன்னோர்களின் கபர்களைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள்.

ஆகவே பேருந்து நிலையத்திலிருந்து ஒரு டாக்ஸி பிடித்து, பாலத்தில் நிற்காமல், நேராகத் தெற்கே சான் பிரான்சிஸ்கோ பகுதிக்குப் போய் இறங்குங்கள். வாசலுக்கு எதிரே திறந்த வெளியும் மரங்களும் இருக்கின்றன. அம்மா உட்காரவும் வசதியான இடம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே குதிரை லாட வடிவ வளைவு தெரியும். ஒட்டினாற்போலவே, வேறு பாணியில் இன்னொரு வாசல் இருக்கும். அது 16ஆம் நூற்றாண்டில் மன்னர் ஐந்தாம் கார்லோஸ் காலத்தில் வைத்தது. உள்ளே நுழைந்ததும் கோட்டை போல இறுக்கமாக நிற்கிறதே எஸ்பிரித்து சாந்தோ தேவாலயம், அதை 1485இல் ஊரைப் பிடித்த கையோடு கிறித்தவ மன்னர் பெர்னாண்டோ கட்டச் சொன்னார். ஆக ஒரே இடத்தில் நின்றபடி ஆட்சி மாறிய கதை முழுவதையும் பார்த்துவிடலாம்.

பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இந்தப் பக்கத்தில்தான். 1485 மே மாதம். மலாகாவைத் தாக்கப் போவதுபோல் போக்குக் காட்டிய பெர்னாண்டோ திடீரென்று ரோண்டா மீது திரும்பினார். ஊரின் காவல் படையில் பெரும்பகுதி அப்போது வெளியே போயிருந்தது. தெற்கு மதிலைக் குண்டுகள் உடைத்தன. அதைவிடப் பெரிய அடி, ஊருக்குத் தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடித்து அடைத்ததுதான். மே 22 அன்று ஊர் பணிந்தது. நீங்கள் போவதும் மே மாதம் என்பதால் சொல்கிறேன், அந்தக் கோதுமைப் பச்சையையும் அந்த வெயிலையும் பார்த்துக்கொண்டேதான் ஊர்க்காரர்கள் வெளியேறியிருப்பார்கள்.

வாசலிலிருந்து உள்ளே ஏறும் சாலை அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் படிகள் அதிகம் இல்லை. மேலே தூகேசா தெ பர்சென்த் என்ற சதுக்கத்தில் சாந்தா மரியா லா மயோர் தேவாலயம் இருக்கிறது. பெரிய பள்ளிவாசல் இருந்த இடம் அது. சீட்டு வாங்கி உள்ளே போனதும் அவசரமாக நடந்துவிடாதீர்கள். நுழைவுப் பகுதியிலேயே பள்ளிவாசலின் மிஹ்ராப் வளைவு இருக்கிறது. தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் அது. சுண்ணச் சாந்தில் கொடிகளும் அரபு எழுத்தும் செதுக்கிய வேலை. நூற்றாண்டுக் கணக்கில் ஒரு பீடத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்ததால்தான் தப்பியது. தங்கப் பூச்சு வேலைகளைப் பார்க்கப் போகிற அவசரத்தில் பலரும் இதை ஒரு பார்வையில் கடந்துவிடுகிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சான் செபஸ்தியான் மினாரா, அதாவது தொழுகைக்கு அழைக்கும் கோபுரம். ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 14ஆம் நூற்றாண்டில் கட்டிய சின்னப் பள்ளிவாசலின் மினாரா. ஊர் கைமாறியபின் பள்ளிவாசல் தேவாலயமானது, மினாரா மணிக்கூண்டானது. பிறகு தேவாலயமும் இல்லாமல் போய்விட்டது. இப்போது கோபுரம் மட்டும் வீடுகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. கீழ்ப்பாதி கல், மேலே செங்கல், அதற்கும் மேலே மணிக்காகப் பின்னால் சேர்த்த பகுதி. உயரம் ஒன்றும் பிரமாதமில்லை, நம் ஊர்த் தெருவோரக் கோபுரம் அளவுதான்.

அது நிற்கும் சின்னச் சதுக்கத்துக்குக் கவிஞர் அபுல் பகாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அபுல் பகா அர்-ருந்தி 1204இல் பிறந்தவர். 'ருந்தி' என்றால் ரோண்டாக்காரர். கோர்டோபா, வலென்சியா, செவில் என்று ஒவ்வொரு நகராகக் கைவிட்டுப் போவதைத் தன் வாழ்நாளிலேயே பார்த்தவர். 1267இல் அந்த இழப்புகளுக்காக ஒரு கையறுநிலைப் பாடல் எழுதினார். அரபு உலகப் பள்ளிக்கூடங்களில் இன்றும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாட்டு அது. தன் சொந்த ஊருக்கு அந்த முறை வர இன்னும் 218 ஆண்டுகள் இருந்தன என்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சதுக்கத்தில் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துவிடுகிறது. பாரி இறந்தபின் பறம்பு மலையைத் திரும்பிப் பார்த்துப் பாடிய பெண்களின் மொழியில் வளர்ந்தவர்களுக்கு, ஊரை இழந்தவனின் பாட்டு புரியாமல் போகாது.

பக்கத்திலேயே காசா தெல் ஹிகாந்தே, 'அரக்கன் வீடு', இருக்கிறது. கிரானடாவை ஆண்ட நஸ்ரித் வம்சத்தின் காலத்து, 14ஆம் நூற்றாண்டு வீடு. நடுவே முற்றம், சுற்றி அறைகள். நம் முற்றத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உடனே பழகிவிடும். மோந்த்ராகோன் அரண்மனையில் நகர அருங்காட்சியகம் இருக்கிறது. பலமுறை மாற்றிக் கட்டியதுதான், இருந்தாலும் அதன் சின்னத் தோட்டமும் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மாடமும் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

ரோண்டாவில் பெயர்களை நம்பி ஏமாறாதீர்கள். எல்லாரும் போய் நிற்கிற அந்தப் பெரிய பாலத்தின் பெயர் 'புதிய பாலம்', அதற்கு வயது 230க்கும் மேல். 'ரோமானியப் பாலம்' என்று சிலர் காட்டும் சின்னப் பாலம் அரபுக் காலத்தது. 'மூர் மன்னன் வீடு' என்று பலகை வைத்த வீட்டில் எந்த மூர் மன்னனும் வாழவில்லை, அது 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் தோட்டத்தை 1912இல் பிரெஞ்சுக்காரர் ஃபொரெஸ்தியே வடிவமைத்தார். ஆனால் அந்த வீட்டுக்கு அடியில் இருப்பது அசல். பாறைக்குள்ளேயே குடைந்து, ஆற்று மட்டம் வரை இறங்கும் படிச் சுரங்கம். முற்றுகைக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் இப்படித்தான் மேலே வந்தது. கிறித்தவ அடிமைகள் வரிசையாக நின்று தோல்பைகளில் நீரைக் கைமாற்றி ஏற்றினார்கள். 'ரோண்டாவில் தோல்பை சுமந்தே சாவாய்' என்று ஒரு சாபம் ஸ்பானிய மொழியில் புழங்கியிருக்கிறது. 1485இல் முற்றுகையிட்டவர்கள் குறிவைத்தது இந்தத் தண்ணீரைத்தான். இருநூறுக்கும் மேற்பட்ட படிகள், ஈரம், வழுக்கல், மங்கலான வெளிச்சம். அம்மா தவிர்க்க வேண்டிய இடம் என்று சொன்னது இதைத்தான். நீங்கள் மட்டும் இறங்குங்கள், பிடிமானமுள்ள காலணியோடு. கீழே போய் நின்றால், தலைக்கு மேல் பாறையும் காலடியில் பச்சை நீருமாக, ஒரு குடம் தண்ணீரின் விலை அப்போது என்னவாக இருந்தது என்று உடம்புக்கே தெரியும்.

தண்ணீரின் இன்னொரு முகம் குளியல் கூடம். என்னைக் கேட்டால் ரோண்டாவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றாலும் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஸ்பெயினில் நன்றாக மிஞ்சியிருக்கும் அரபு ஹம்மாம்களில் ஒன்று. பழைய பாலத்துக்குக் கீழே, குலேப்ராஸ் என்ற ஓடை ஆற்றோடு சேரும் இடத்தில், மதிலுக்கு வெளியே இருக்கிறது. பயணி முதலில் குளித்து அழுக்கைக் கழுவிவிட்டுத்தான் ஊருக்குள் ஏறுவான். குளிர் அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை என்று மூன்று. கூரையில் நட்சத்திர வடிவில் ஓட்டைகள். அவற்றின் வழியாக விழும் வெளிச்சம் செங்கல் வளைவுகளில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் அது நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வெளியே வந்து ஓரத்தில் உயர்ந்து நிற்கும் கோபுரத்தையும் பாருங்கள். செக்கு மாடு சுற்றுவதுபோல் ஒரு கழுதை மேலே சுற்றிச் சுற்றி நடக்க, சக்கரத்தில் கட்டிய கலயங்கள் ஓடையிலிருந்து நீரை இறைத்து வாய்க்காலில் ஊற்றும். வாய்க்கால் சுவர் மேலேயே ஓடிச் சூடான அறையின் கொப்பரைக்குப் போகும். அந்தச் சக்கரத்துக்கு ஸ்பானிய மொழியில் 'நோரியா', அரபியில் 'நாஊரா'. வாய்க்காலுக்கு 'அசேக்கியா', அதுவும் அரபிதான். ஆட்சி போனாலும் தண்ணீரின் சொற்கள் அப்படியே தங்கிவிட்டன. குளியல் கூடம் என்றதும் நினைவுக்கு வரும் இன்னொன்று: 11ஆம் நூற்றாண்டில் செவில் மன்னர் அல்-முஃததித், ரோண்டா உள்ளிட்ட அண்டை பெர்பர் அரசர்களை விருந்துக்கு அழைத்து, ஹம்மாமுக்குள் அனுப்பி, வாசலை அடைத்து மூச்சுமுட்டச் சாகடித்தார் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ரோண்டா கடைசியில் செவிலின் கைக்குத்தான் போனது.

குளியல் கூடத்துக்கு இறங்கும் வழி செங்குத்து. அம்மாவோடு போகும்போது டாக்ஸியில் இறங்கி, அதே டாக்ஸியைத் திரும்ப வரச் சொல்லிவிடுங்கள். திறந்திருக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் தங்கும் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாலத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 98 மீட்டர் உயரம், கட்ட 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்கு முன் 1735இல் அவசரமாகக் கட்டிய ஒன்று ஆறே ஆண்டில் இடிந்து ஐம்பது பேர் வரை இறந்தார்கள். கட்டிய பொறியாளர் பாலத்திலிருந்து விழுந்து செத்தார் என்று வழிகாட்டிகள் சொல்வது கட்டுக்கதை, அவர் 1802இல் மலாகாவில் இறந்தார். அழகான பாலம்தான். மாலையில் பாருங்கள், மே மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாயும். சுற்றுலா வண்டிகள் எல்லாம் அதற்குள் கிளம்பிவிடும். இரவு தங்கச் சொன்னதற்கு இதுவே பெரிய காரணம்.

முடிந்தால் மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் மேற்குச் சரிவில் இறங்கி ஒரு நடை போய் வாருங்கள். பாலத்தைக் கீழிருந்து படம் எடுக்கத்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். ஆனால் அந்தப் பாதையோரம் அல்பகாரா மதில்கள் நிற்கின்றன. முற்றுகை வந்தால் ஆடுமாடுகளையும் தானியத்தையும் கொண்டுவந்து அடைத்துக் காப்பாற்றிய வெளி மதில். பெயரிலேயே 'பகரா', பசு, இருக்கிறது.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மூர்கள் மிச்சம் வைத்ததில் பாதி தட்டில்தான் இருக்கிறது. பொரித்த கத்தரிக்காயின் மேல் கரும்புப்பாகு ஊற்றித் தருவார்கள், தவறவிடாதீர்கள். கத்தரி, கரும்பு, நெல், கிச்சிலி எல்லாம் கிழக்கிலிருந்து அரபிகள் வழியாக அங்கே போனவை. ஆரஞ்சுக்கு ஸ்பானியச் சொல் 'நாரன்ஹா'. அரபி 'நாரஞ்ச்', அதற்கு முன் சமஸ்கிருத 'நாரங்கம்', அதற்கும் மூலம் நம் நாரத்தையோடு உறவுள்ள ஒரு திராவிடச் சொல் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அம்மாவிடம் சொல்லுங்கள், ஊர் முழுக்க நிற்கும் அந்த மரங்கள் அவருக்குச் சொந்தக்காரர்கள் போலத் தோன்றும். சைவம் என்றால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே வாங்குங்கள், சால்மொரேஹோ என்ற தக்காளிக் கூழின் மேல்கூடப் பன்றி இறைச்சித் துணுக்கைத் தூவிவிடுவார்கள். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல், இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான் கிடைக்கும். அம்மாவுக்கு மருந்து நேரம் இருந்தால் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மலாகாவிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் போல ஆகும், மலைவளைவுகள் அதிகம். ரயில் தடவைகள் குறைவு, சிலவற்றில் இடையில் மாற வேண்டும், ஆனால் மூட்டுவலிக்காரருக்கு அதுதான் சுகம். கார் எடுத்தால் ரோண்டாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சஹாரா தெ லா சியர்ரா என்ற கோட்டை ஊருக்குப் போய்ச் சேரலாம். 1481இல் கிரானடா சுல்தான் அந்தக் கோட்டையைக் கிறித்தவர்களிடமிருந்து பிடித்ததில்தான், மூர்களின் ஆட்சியை முடித்த கடைசிப் போரே மூண்டது. தெற்கே ஹெனல் பள்ளத்தாக்கில் பெனர்ரபா, பெனதலித், பெனலவ்ரியா என்று வரிசையாக வெள்ளை ஊர்கள் இருக்கின்றன. 'பென்' என்பது 'பனூ', இன்னாரின் மக்கள். ஊரைக் கட்டிய குலங்களின் வழிவந்தவர்கள் 1570 வாக்கிலேயே இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, 1609க்குப் பிறகு நாட்டைவிட்டே கடத்தப்பட்டார்கள். பெயர்ப் பலகையில் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் நாள் காலையில் தெற்கு வாசல், மிஹ்ராப், மினாரா. மதியம் அம்மாவுக்கு ஓய்வு. பிற்பகலில் டாக்ஸியில் குளியல் கூடம், மாலையில் பாலம். மறுநாள் காலை நீங்கள் சுரங்கத்தில் இறங்கும்போது அம்மா மேலே 'மூர் மன்னன் வீட்டு'த் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும். மதிய வண்டியில் மலாகா திரும்பிவிடலாம்.